காது கேளாத குழந்தை எந்த மொழியில் நினைக்கும்?

"பிறவியிலேயே காது கேட்காதவர்கள் மனதுக்குள் எந்த மொழியில் நினைப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதைச் சும்மா தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்பவர்கள் உண்டு. நீங்கள் கூடவே இரண்டு வரி சேர்த்திருக்கிறீர்கள்: தங்கை மகளுக்கு ஒன்றரை வயது, பெரா என்ற செவித்திறன் பரிசோதனையில் இரண்டு காதிலும் கேட்கும் திறன் ஏறக்குறைய இல்லை என்று வந்திருக்கிறது, "பிள்ளை மனசுக்குள்ள ஒண்ணுமே ஓடாதே" என்று உங்கள் அம்மா அழுதுகொண்டிருக்கிறார். அப்படியென்றால் கேள்வி மொழியில் தொடங்கினாலும், உங்களுக்குத் தெரிய வேண்டியது இதுதான்: அந்தக் குழந்தைக்குள் ஒரு உலகம் இருக்குமா, இருந்தால் அது நம்முடையதைவிடக் குறைந்ததாக இருக்குமா?

ஓடும், நிறையவே ஓடும் என்று முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். முகத்தைப் பார்த்துச் சிரிக்கிற குழந்தையும் ஒளித்து வைத்த பொம்மையைத் தேடுகிற குழந்தையும் மொழி வருவதற்கு முன்பே யோசிக்கத் தொடங்கிவிட்டவைதான். காது கேட்கும் குழந்தையும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்த யோசனை எதனால் வளரும், எதனால் முடங்கும் என்பதில்தான் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. தென் மாவட்டம் ஒன்றில் காது கேளாதோர் பள்ளியில் சிறப்பாசிரியராக இருபது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தேன். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆகவே இது பக்கத்தில் இருந்து பார்த்தவரின் சாட்சியம், உள்ளே வாழ்பவரின் வாக்குமூலம் இல்லை. நான் டாக்டரும் இல்லை, செவித்திறன் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட்டும் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நாம் காதை இறுக்கிப் பொத்திக்கொண்டு, "இப்படித்தான் இருக்கும்போல, பாவம்" என்று நினைக்கிறோம். அந்தக் கணக்கு தப்பு. கேட்டுப் பழகியவருக்குத்தான் சத்தம் நின்றுபோனது தெரியும். பிறவியிலேயே கேளாத ஒருவரிடம் "உங்களுக்கு எப்போதும் அமைதியாக இருக்குமா?" என்று கேட்டால், என்ன கேட்கிறீர்கள் என்று புரியாமல் பார்ப்பார். நாற்பது வயதில் காது போனவர் இழந்தவர், அவருடைய துக்கம் நிஜமானது. ஆனால் பிறவியிலேயே கேளாத குழந்தைக்கு எதையும் இழந்த உணர்வு கிடையாது. அவள் சார்பில் வீட்டார்தான் இழந்துகொண்டிருக்கிறார்கள்.

எங்கள் பள்ளிக்கு முதல்முறை வருகிறவர்கள் நூலகம் மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்து வருவார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் விடுதிக் கூடத்துக்குள் நுழைந்ததும் திகைத்துப் போவார்கள். எவர்சில்வர் தட்டு தரையில் விழுந்து சுழலும், யாரும் திரும்ப மாட்டார்கள். பெஞ்சைத் தரதரவென்று இழுப்பார்கள். எதிரில் இருப்பவனைக் கூப்பிட மேஜையை ஓங்கித் தட்டுவார்கள். சிரிப்பு அடித்தொண்டையிலிருந்து அப்படியே வரும், யாரும் அதைப் பக்குவப்படுத்தியிருக்க மாட்டார்கள். பிறவியிலேயே கேளாத பல குழந்தைகளுக்கும் சத்தம் முற்றிலும் இல்லாத ஒன்று கிடையாது, அது அதிர்வாக வரும். கோயில் கொடையில் ஸ்பீக்கர் பெட்டிக்கு நேர் முன்னால் போய் நெஞ்சைக் கொடுத்து நிற்பார்கள். மரத்தளம் போட்ட மச்சில் காலால் ஓங்கி உதைத்தால் அந்தக் கோடியில் இருப்பவன் திரும்புவான், சிமெண்ட் தரையில் அது செல்லாது, விளக்கை அணைத்து அணைத்துப் போட வேண்டும் என்பதெல்லாம் ஏழு வயதுப் பையனுக்கும் தெரிந்த விஷயம்.

2012 வாக்கில் தமிழ்நாட்டில் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். நமக்குக் கரண்ட் போனால் பேச்சு கூடும், திண்ணைக்கு வந்து உட்கார்ந்துவிடுவோம். எங்கள் விடுதியில் கரண்ட் போனால் எல்லாருடைய பேச்சும் பாதி வாக்கியத்தில் அறுந்துவிடும். ஒருவன் டார்ச்சைத் தேடி எடுத்துக் கையில் அடிக்க, அடுத்தவன் விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடருவான். பெரிய பெண்கள் டார்ச்சுக்குக் காத்திருக்க மாட்டார்கள். ஒருத்தி பேசும் கையை மற்றவள் தன் உள்ளங்கையால் மூடிப் பிடித்து, தடவித் தெரிந்துகொண்டே போவாள்.

இரண்டு பேர் சாலையில் பேசிக்கொண்டு நடப்பதைப் பாருங்கள். நாம் முன்னால் பார்த்தபடியே பேசலாம். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். அதனால் வழியில் வரும் பள்ளத்தையும் எதிரில் வரும் பைக்கையும் இவருக்காக அவரும் அவருக்காக இவரும் பார்த்துக்கொள்வார்கள். முழங்கையைத் தொட்டு லேசாக ஒதுக்குவார்கள், பேச்சு நிற்காது. பஸ் கிளம்பிய பிறகும் ஜன்னல் கண்ணாடி வழியாகப் பேச்சு ஓடும், வாயில் சோறு இருந்தாலும் ஓடும். சண்டை வந்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார்கள், அதற்கு மேல் எதிராளி ஒன்றும் செய்ய முடியாது. ஆளைக் கூப்பிடப் பெயர் பயன்படாது என்பதால் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர்ச் சைகை உண்டு. தழும்பு, மச்சம், சுருட்டை முடி என்று கண்ணில் பட்டதை வைத்துத்தான் பெரும்பாலும் சூட்டுவார்கள். எனக்குக் கிடைத்தது முன்பல் இடைவெளி. விடுமுறை முடிந்து போனால், வணக்கத்துக்கு முன்பே "குண்டாகிவிட்டீர்கள்" என்பார்கள். அதில் கேலி இருக்காது, பார்த்ததைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

"காது போனால் கண் கூர்மையாகும்" என்பது பாதி உண்மை. தூரத்து எழுத்தைப் படிக்கும் கூர்மை கூடுவதில்லை, கண்ணாடி போட வேண்டியவன் போடத்தான் வேண்டும். ஆனால் ஓரப் பார்வையில் அசைவதைச் சட்டென்று பிடிக்கும் கவனம் கூடுகிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. ஒலிக்காக ஒதுக்கப்பட்ட மூளைப் பகுதியும் சும்மா கிடப்பதில்லை, பார்வையும் தொடுதலும் அதில் கொஞ்சம் இடம் பிடித்துக்கொள்கின்றன. வகுப்பில் இது ஒரு தொல்லையும்கூட. வாசலில் நாய் ஒன்று நடந்து போனால் மொத்த வகுப்பும் அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

சரி, மொழிக்கு வருகிறேன். சைகை மொழி என்பது கையால் காட்டும் ஊமை நாடகம் என்றுதான் வெகுகாலம் எல்லாரும் நினைத்தார்கள், ஆசிரியர்கள் உட்பட. 1960-ல் அமெரிக்காவில் காது கேளாதோருக்கான கேலோடெட் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த வில்லியம் ஸ்டோக்கி, சைகைகளும் சிறு கூறுகளாகப் பிரியும் என்று காட்டினார். கையின் வடிவம், அது இருக்கும் இடம், அதன் அசைவு ஆகியவற்றில் ஒன்றை மாற்றினால் பொருள் மாறும். இந்திய சைகை மொழிக்கும் தனி இலக்கணம் இருக்கிறது. கேள்விச் சைகை கடைசியில் வரும்: "எங்கே போகிறாய்?" என்பதை 'நீ, போ, எங்கே' என்ற வரிசையில் கேட்பார்கள். ஆமா இல்லையா என்று பதில் வர வேண்டிய கேள்வியைப் புருவம் கேட்கும். 'கொடு' என்ற சைகை கொடுப்பவர் இருக்கும் பக்கத்திலிருந்து வாங்குபவர் பக்கம் நகரும், எனவே யார் யாருக்கு என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆண் என்றால் மீசையைத் தொட்டுக் காட்டுவது, பெண் என்றால் மூக்குத்தி இடம். கதை சொல்லும்போது அம்மாவை இடப்பக்கமும் மாமியாரை வலப்பக்கமும் காற்றில் நிறுத்திவிட்டால், அப்புறம் கதை முடியும்வரை அந்தந்தத் திசையைப் பார்த்தாலே போதும், யார் பேசுகிறார்கள் என்று தெரிந்துவிடும். நல்ல கதைசொல்லி கையில் கிடைத்தால், ஒரு மாமியார் மருமகள் சண்டையை மூன்று நிமிடத்தில் நாடகமாகவே பார்த்துவிடலாம்.

மூளையும் இதை மொழியாகத்தான் நடத்துகிறது. கலிபோர்னியாவில் சால்க் ஆய்வு நிறுவனத்தில் உர்சுலா பெல்லூகியும் அவரோடு சேர்ந்தவர்களும், பக்கவாதம் வந்த சைகையாளர்களை 1980-களில் ஆராய்ந்தார்கள். மூளையின் இடப்பக்கம் அடிபட்டவர்களுக்குக் கையை அசைக்க முடிந்தும் சைகை வாக்கியம் சிதைந்தது, பேசுகிறவர்களுக்குப் பேச்சு குழறுவது போலவே. வலப்பக்கம் அடிபட்டவர்களுக்குப் படம் வரைவதும் இடத்தைக் கணிப்பதும் கெட்டன, சைகை மொழி பெரும்பாலும் தப்பியது. இன்னொன்று உங்கள் வீட்டுக்கு நெருக்கமானது. சைகை பேசும் பெற்றோருக்குப் பிறந்த கேளாத குழந்தைகள் ஒரு வயதுக்குள் கையாலேயே மழலை பேசுகிறார்கள் என்று 1991-ல் லாரா ஆன் பெட்டிட்டோ கண்டு எழுதினார். நம் குழந்தைகள் 'பபபபா' என்று ஒரே அசையைத் திரும்பத் திரும்பச் சொல்வார்களே, அதையே விரல்கள் செய்கின்றன.

எனவே நீங்கள் எழுதியபடியே கேள்விக்குப் பதில்: சைகையில் வளர்ந்தவர்கள் சைகையில் நினைக்கிறார்கள், கூடவே படங்களாகவும் நினைக்கிறார்கள். பரீட்சைக்கு முந்தின இரவு விடுதியில் சுற்றி வந்தால், மடியில் கிடக்கும் கைகள் தாமாக அசைந்துகொண்டிருக்கும். நம் பிள்ளைகள் உதடு அசைத்து மனப்பாடம் செய்வது இங்கே விரலில் நடக்கிறது. தூக்கத்தில் கையால் பேசுகிறவர்களும் உண்டு, விடுதிக் காப்பாளர்கள் எல்லாரிடமும் இதற்கு ஒரு கதை இருக்கும். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளவே பழக்கப்பட்டு வளர்ந்தவர்களில் சிலர், உதட்டசைவாகவோ எழுதிய சொல்லாகவோ நினைப்பு வருகிறது என்கிறார்கள். இதெல்லாம் அவரவர் சொல்லித் தெரிந்ததுதான். ஒருவர் மனதுக்குள் ஓடுவதை வெளியிலிருந்து அளக்க வழியில்லை. வீட்டுச் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடும்போது உங்கள் மனதில் தமிழ் ஓடுகிறதா, மேஜையும் அலமாரியும் ஓடுகின்றனவா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னதைக் கேட்டு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டால் நல்லது. ஆனால் அவருடைய பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கேளாத குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் காது கேட்கும் பெற்றோருக்குத்தான் பிறக்கிறார்கள். அந்த வீட்டில் சைகை மொழி யாருக்கும் தெரியாது, பேசும் மொழி குழந்தைக்கு எட்டாது. "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று பெரியவர்கள் சொல்லச் சொல்ல மூன்று நான்கு வருடம் போய்விடும். இரண்டு மொழிக்கும் நடுவில் எதுவுமே கிடைக்காமல் குழந்தை வளரும். காது கேளாமையைவிட எனக்குப் பயம் தருவது இதுதான்.

எட்டு ஒன்பது வயதில் எங்களிடம் வந்து சேர்ந்த ஒரு பையன் நினைவுக்கு வருகிறான். ஆடு மேய்க்கிற வீடு. மந்தையில் ஒவ்வொரு ஆட்டையும் முகம் பார்த்தே தெரியும், எது சினை, எது கால் நொண்டுகிறது என்று நடித்துக் காட்டுவான். மழை வருவது எங்களுக்கு முன்பே அவனுக்குத் தெரியும். வீட்டில் சாப்பாடு, தண்ணீர், வெளியே போவது, அப்பா, அடி என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில சைகைகள் வைத்திருந்தார்கள். ஆனால் தனக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியாது. நாளைக்கு விடுமுறை என்பதைச் சொல்லிப் புரியவைக்க எங்களால் முடியவில்லை, 'நாளை' என்ற ஒன்றை அவனோடு யாரும் பேசியதே இல்லை. அம்மா விட்டுவிட்டுப் போனபோது திரும்பி வருவாள் என்று அவனிடம் சொல்ல எங்களிடம் பொது மொழி எதுவும் இல்லை. அவன் முட்டாள் இல்லை, ஒரே வருடத்தில் மற்ற பையன்களோடு சேர்ந்து சைகையில் பொய் சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டான். ஆனாலும் நீளமான வாக்கியம், 'அப்படி நடந்திருந்தால்' போன்ற பேச்சு எல்லாம் கடைசிவரை அவனுக்குச் சிரமமாகவே இருந்தன.

ஒரு பையனை வைத்துச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நிகரகுவாவில் நடந்தது இதைவிடத் தெளிவான சான்று. 1970-களின் கடைசிவரை அங்கே கேளாத குழந்தைகள் அவரவர் வீட்டில் தனித்தனியாகக் கிடந்தார்கள். மனாகுவாவில் பள்ளி தொடங்கி, 1979 புரட்சிக்குப் பின் நூற்றுக்கணக்கானவர்கள் ஒன்றுசேர்ந்ததும், ஆசிரியர்கள் ஸ்பானிஷ் உதட்டசைவைக் கற்பிக்கப் பாடுபட்டுக்கொண்டிருக்க, குழந்தைகள் விளையாட்டு மைதானத்திலும் பஸ்ஸிலும் தங்களுக்கென்று ஒரு மொழியை உண்டாக்கிக்கொண்டார்கள். முதலில் வந்தவர்களின் சைகை ஓரளவு கரடுமுரடாக இருந்தது. பின்னால் வந்த சின்னஞ்சிறுசுகள் அதை எடுத்து இலக்கணம் உள்ள முழு மொழியாக்கிவிட்டார்கள். 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், முதலில் வந்து வளர்ந்து பெரியவர்களானவர்களுக்கும் பின்னால் வந்த இளையவர்களுக்கும் ஒரு படக்கதையைக் காட்டினார்கள். ஒருவன் பொம்மையை ஓரிடத்தில் வைத்துவிட்டுப் போகிறான், அவன் இல்லாதபோது தம்பி இடம் மாற்றிவிடுகிறான், திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? இளையவர்கள் சரியாகச் சொன்னார்கள். வயதில் மூத்தவர்களில் பலர் தடுமாறினார்கள். 'நினைக்கிறான்', 'அவனுக்குத் தெரியாது' என்பதற்கான சைகைகள் அவர்களிடம் குறைவாக இருந்தன. இரண்டு வருடம் கழித்து, இளையவர்களோடு பழகி அந்தச் சைகைகள் வந்த பிறகு, அவர்களும் தேறினார்கள். அதே நாட்டில், எந்தச் சைகை மொழியும் கற்காமல் வீட்டுச் சைகையோடு வளர்ந்த பெரியவர்களைப் பற்றி 2011-ல் இன்னோர் ஆய்வு வந்தது. காசு புழங்கும் ஊரில் வேலை பார்த்து வாழ்கிறவர்கள். ஆனால் மூன்றுக்கு மேல் போனால் துல்லியமாக எண்ணிக் காட்ட முடியவில்லை, ஏறத்தாழத்தான் காட்டினார்கள். சிந்தனை மொழி இல்லாமலே தொடங்கும், ஆனால் சில இடங்களுக்கு மொழி இல்லாமல் போக முடியாது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். எந்தெந்த இடங்கள் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை.

மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் மார்த்தாஸ் வின்யார்ட் என்ற தீவில் பரம்பரைக் காது கேளாமை இருந்தது. 19-ம் நூற்றாண்டில் தீவு முழுவதும் 155 பேரில் ஒருவர், சில்மார்க் என்ற ஊரில் 25 பேரில் ஒருவர் கேளாதவர். அங்கே காது கேட்கிறவர்களும் சைகை பேசினார்கள். மீனவர்கள் படகுக்குப் படகு அதிலேயே பேசிக்கொண்டார்கள். பிற்காலத்தில் நோரா கிராஸ் என்ற மானுடவியலாளர் அங்கே போய் முதியவர்களிடம் விசாரித்தபோது, இன்னார் கேளாதவர் என்பதையே அவர்கள் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. பாலித் தீவின் பெங்காலா கிராமத்தில் இன்றும் கிட்டத்தட்ட அப்படியொரு நிலை இருக்கிறது. காது எங்கேயும் ஒன்றுதான். அது குறையாகத் தெரிவதும் தெரியாமல் போவதும் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சைகை தெரியுமா என்பதைப் பொறுத்தது.

உங்களிடம் யாராவது "சைகை காட்டாதீர்கள், அப்புறம் பேச்சே வராது" என்று சொல்லியிருப்பார்கள், இல்லையென்றால் இனிமேல் சொல்வார்கள். இந்த எண்ணத்துக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1880-ல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, பேச்சு வழிதான் உயர்ந்தது, சைகை வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. நம் நாட்டில் பம்பாயிலும் கல்கத்தாவிலும் முதல் பள்ளிகள் வந்தது அதை ஒட்டிய ஆண்டுகளில்தான், அந்தக் காற்று இங்கேயும் அடித்தது. எனக்கு மூத்த ஆசிரியர்கள் காலத்தில் வகுப்பில் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும். மணி அடித்து விடுதிக்குப் போனதும் கட்டிய கைகள் பேச ஆரம்பிக்கும். இந்திய சைகை மொழி தழைத்தது விடுதிகளில்தான், எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு அதில் பங்கு குறைவு. 2010-ல் வான்கூவரில் கூடிய அதே உலக மாநாடு மிலான் தீர்மானத்தைக் கைவிட்டு வருத்தமும் தெரிவித்தது. 130 வருடம்!

இப்போது காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது ஆபரேஷன் செய்து உட்காதில் மின்முனைகளை வைக்கும் செவிக் கருவி. டாக்டர் அதைச் சொல்லியிருந்தால் தள்ளிப்போடாதீர்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த ஆபரேஷன் உண்டு. ஆனால் 6 வயதுவரை பொறுக்கலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. இரண்டு வயதுக்குள் வைத்தவர்களுக்குப் பேச்சு நன்றாக வருகிறது, தாமதமாகத் தாமதமாகப் பலன் குறைகிறது என்பது உறுதியான விஷயம். யாருக்கு எவ்வளவு வரும் என்பது உறுதியில்லாதது. ஒரே மாதத்தில் ஆபரேஷன் ஆன இரண்டு பேரில் ஒருத்தி சாதாரணப் பள்ளிக்குப் போய்விட்டாள், இன்னொருத்தி கடைசியில் எங்களிடம் வந்தாள், இரண்டு வீட்டிலும் அக்கறைக்குக் குறைவில்லை. நல்ல உட்காதில் அதிர்வை மூளைக்கு அனுப்பும் உள்வரிசை மயிர்ச்செல்கள் 3,500 அளவுக்கு இருக்கும். அந்த வேலையை இம்ப்ளான்ட்டில் அதிகபட்சம் இருபத்துச் சொச்சம் மின்முனைகள் செய்கின்றன. ஆகவே வந்து சேர்வது வேறு மாதிரியான ஒலி, மூளை அதைப் பழகித்தான் மொழியாக்க வேண்டும், அதற்குத் தெரபி விடாமல் நடக்க வேண்டும். குளிக்கும்போதும் தூங்கும்போதும் பேட்டரி தீர்ந்த மாலையிலும் அவள் கேளாத குழந்தைதான்.

சைகை பேச்சைக் கெடுக்குமா என்பதில் கருத்து வேறுபாடு உண்மையிலேயே உண்டு. 2017-ல் அமெரிக்காவில் வந்த ஒரு ஆய்வு, இம்ப்ளான்ட் வைத்த பிறகு சைகை இல்லாமல் வளர்ந்தவர்களுக்குப் பேச்சு நன்றாக வந்தது என்றது. அந்தப் பெற்றோர்களுக்கு எவ்வளவு சைகை தெரிந்திருந்தது, பேச்சு வராததால்தானே பலர் சைகைக்கு வந்திருப்பார்கள் என்று எதிர்வாதம் எழுந்தது. அதற்கு மூன்று வருடம் முன்பு வந்த இன்னொரு சிறிய ஆய்வில், சைகை பேசும் கேளாத பெற்றோருக்குப் பிறந்து இம்ப்ளான்ட்டும் வைத்த குழந்தைகள், காது கேட்கும் குழந்தைகளுக்கு இணையாகவே ஆங்கிலம் பேசினார்கள். என் தீர்ப்பைக் கேட்டால், இரண்டையும் செய்யுங்கள் என்பேன். பேச்சு வருமா என்று பார்க்க இரண்டு மூன்று வருடம் ஆகும். அந்த வருடங்களில் குழந்தையின் மூளை மொழிக்காகக் காத்துக்கொண்டு நிற்காது. பேச்சு நன்றாக வந்துவிட்டால் சைகை தெரிந்ததால் நஷ்டம் எதுவும் இல்லை. வராமல் போனால், கையில் ஒரு மொழி இருக்கிறது. பேச்சு வழியையே முழுமூச்சாகக் கடைப்பிடிக்கும் நல்ல தெரபிஸ்ட்கள் இதில் என்னோடு உடன்பட மாட்டார்கள், அவர்கள் தரப்பையும் கேளுங்கள்.

இடையில் ஒன்று. தங்கை சொந்தத்தில் திருமணம் செய்தவர் என்றால், அடுத்த குழந்தைக்கு முன்னால் மரபணு ஆலோசனை பெறுவது நல்லது. பிறவிக் காது கேளாமையில் கணிசமான பகுதி பெற்றோர் இருவரிடமிருந்தும் வெளியே தெரியாமல் வருவது. யார் பக்கத்துக் குற்றம் என்ற பேச்சை மட்டும் வீட்டில் யாரும் எடுக்க விடாதீர்கள்.

மருமகள் பெரியவளாகி உங்களுக்கு வாட்ஸ்அப்பில் எழுதும் நாள் வரும். 'நான் நேற்று மாமா வீடு போ' என்பது போல வேற்றுமை உருபும் வினைமுடிவும் இல்லாமல் எழுதினால், அறிவு குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காதால் ஒருமுறைகூடக் கேட்காத மொழியை எழுத்திலிருந்து மட்டும் கற்பது எவ்வளவு பெரிய வேலை என்பது, எங்களைப் போல அதைச் சொல்லிக்கொடுத்தவர்களுக்குத்தான் தெரியும். அவளையே வீடியோ காலில் கையால் பேசவிட்டுப் பாருங்கள், வேறு ஆளாக இருப்பாள்.

தாய்மாமன் என்ற முறையில் நீங்கள் செய்யக்கூடியது என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கும், அங்கே பதிவு செய்யுங்கள். ஆபரேஷன் முடிவாகும்வரை காது மெஷின் போடச் சொன்னால் தவறாமல் போடுங்கள். 2015-ல் டெல்லியில் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 10,000 சொற்கள் கொண்ட வீடியோ அகராதி ஒன்றை 2021-ல் வெளியிட்டது, இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். வீட்டில் எல்லாரும், பாட்டி உட்பட, தினம் நாலு சைகை கற்றால் போதும்: பால், இன்னும், போதும், வலி, அம்மா எங்கே, நாளை. முதலில் தப்பும் தவறுமாகத்தான் வரும், குழந்தை திருத்திக்கொள்வாள். அகராதியைவிட முக்கியமானது, உங்கள் ஊரில் இருக்கும் கேளாத பெரியவர்கள் இரண்டு பேரை வீட்டுக்குச் சாப்பிட அழைப்பது. கேளாத ஒருவர் வேலைக்குப் போய், கல்யாணம் செய்து, கடன் வாங்கி, அரசியல் பேசி வாழ்வதை உங்கள் அம்மா ஒரு மதியம் நேரில் பார்த்தால், நான் எழுதிய இத்தனையும் தேவைப்படாமலே போகலாம். குழந்தையோடு பேசும்போது அவள் கண் உயரத்துக்கு இறங்கி உட்காருங்கள், அவள் உங்களைப் பார்த்த பிறகு ஆரம்பியுங்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி மட்டும் உட்காராதீர்கள், பின்னால் வெளிச்சம் இருந்தால் உங்கள் முகமும் கையும் அவளுக்கு இருட்டாகத்தான் தெரியும்.